புது வீட்டுக்கும் ஒரு தேர்வு வையுங்கள்



கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் பையில் போடுகிறோம். பல லட்சம் கொடுத்து வாங்கும் வீட்டை மட்டும், "புதுசுதானே, என்ன குறை இருக்கப் போகிறது?" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

என் மகளும் மாப்பிள்ளையும் சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். 20 வருடக் கடன். நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கும் அதில் இருக்கிறது. பத்திரப் பதிவுக்கு நாள் குறித்த பிறகு, "ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிடலாம்" என்றேன்.

"அப்பா, பேங்க்ல இருந்தே ஒருத்தர் வந்து பார்த்துட்டாரே!" என்றாள் மகள். வந்தார், உண்மைதான். அவர் பார்த்தது கடனுக்கு வீட்டின் மதிப்பு. குளியலறை ஒழுகுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இன்று கட்டடப் பொறியாளர். அளவு நாடா, ரசமட்டம், ஈரம் பார்க்கும் கருவி, ஒரு ஐந்து ரூபாய் நாணயம், இவ்வளவுதான் கொண்டு வந்தார். நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டினார். அடியில் கலவை நிரம்பாத இடம் 'டொக் டொக்' என்று வெற்றொலி தந்தது. மின்கசிவைத் தடுக்கும் ஆர்சிசிபியில் 'டெஸ்ட்' பட்டனை அழுத்தினார். அது விழவே இல்லை. குளியலறையில் தண்ணீர் போகும் துளையை அடைத்து, நீர் தேக்கி, ஒரு நாள் விட்டார். மறுநாள் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்திருந்தது.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாய் ஒரு விரிசல். "இது பூச்சுல வந்தது சார். பூசும்போது கம்பிவலை வைக்கல. தூணுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று அதையும் நேர்மையாகச் சொன்னார்.

சைட் மேனேஜர் முகம் வாடிவிட்டது. "எங்க மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"நல்லா படிக்கிற பிள்ளையோட பேப்பரையும் திருத்தித்தான் தம்பி மார்க் போடுவோம்" என்றேன்.

மொத்தம் 17 குறைகள். படங்களோடு எழுத்தில் கொடுத்தோம். "பதிவை முடிச்சிடுங்க, அப்புறம் செஞ்சு தர்றோம்" என்றார்கள். சரிசெய்த பிறகே பதிவும் கடைசித் தவணையும் என்று நின்றோம். ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் வட்டி. மகள் என்னிடம் சரியாகப் பேசாத நாட்களும் உண்டு. ஆறு வாரம் ஆனது. குளியலறைத் தரையைப் பெயர்த்து நீர்க்காப்புப் பூச்சு மறுபடி போட்டார்கள். இரண்டாம் முறை நீர் தேக்கியபோது கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. குடியேறிய பிறகு இது தெரிந்திருந்தால், கைக்குழந்தையோடு இடிபாட்டுக்கு நடுவே இருந்திருப்பாள். கீழ்வீட்டாரோடு சண்டை வேறு.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நாம் சொன்னால், 30 நாளுக்குள் கட்டுநர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சட்டம் நமக்குத் துணைதான். ஆனால் பணம் முழுவதும் கைமாறிய பிறகு அலைவது நாம்தான்.

இன்னொன்று. நாணயத்தால் தட்டினால் அஸ்திவாரம் தெரியாது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் கட்டும்போதே சரிந்து 61 பேர் இறந்ததை மறக்க முடியுமா? எனவே மண் பரிசோதனை அறிக்கை, திட்ட அனுமதி, ரெரா பதிவு எண், பணிநிறைவுச் சான்று ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் பொறியாளரிடம் காட்டுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள கார்பெட் ஏரியாவை நாடா வைத்து அளந்து பாருங்கள்.

பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம், பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது வீடு வாங்கப் போகிறார்கள் என்றால், பதிவு நாளைக் குறிப்பதற்கு முன்பே இதைச் சொல்லி வையுங்கள்.