பர்லியாரில் 'டிக் டிக்'

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மோட்டாரில் போயிருக்கிறீர்களா? 14 கொண்டை ஊசி வளைவுகள்! உற்பத்தியே 2014-ல் நின்றுபோன எங்கள் கிழட்டு அம்பாஸடர், பர்லியாரை நெருங்கியதும் 'டிக் டிக்' என்றது. பின் ஸீட்டில் அம்மாவும் குழந்தைகளும்! மேலே போவதா, திரும்புவதா?

மங்குஸ்தான் கடையோரம் நிறுத்தினோம். டிரைவர் பெரியவர் காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் லேசாக, மேலேயிருந்து வருது, டாப்பெட்தான், ஸார். அடியிலே 'தொம் தொம்'னா பேரிங், அப்புறம் ஓரடி நகரக் கூடாது" என்றார்.

இஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவுக் கம்பியைத் துடைத்து விட்டுப் பார்த்தால், எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே! ஊற்றியதும் சத்தம் பெரும்பாலும் அடங்கிற்று. மிச்சம், குன்னூரில் வால்வு இடைவெளியைச் சரி செய்ததும் போயிற்று.

மலை ஏறுமுன் நீங்களும் அந்தக் கம்பியை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். மங்குஸ்தான் நிம்மதியாக இனிக்கும்!