எஸ்.எம்.பி.எஸ் புராணம்

சொந்தமா ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன்னு வெளியில சொல்லிப் பாருங்க. முதல் கேள்வி "என்ன கார்டு?" ரெண்டாவது "ராம் எவ்ளோ?" மூணாவது "உள்ள கலர் கலரா லைட் எரியுமா?" எஸ்.எம்.பி.எஸ் என்ன போடறேன்னு ஒரு ஜீவன்கூட கேக்காது. கேபினட் மூலையில சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கிற அந்த இரும்பு டப்பாவுக்கு அவ்வளவுதான் மரியாதை. இத்தனைக்கும் உள்ள இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் குடிக்கிற தண்ணி அந்த ஒரு குழாய்லதான் வருது.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறைன்னா, காசு அம்மாவோடது. 65,000 ரூபாய், சீட்டு எடுத்த காசு. 25,000 ரூபாய் கார்டு புகைஞ்சு போச்சுன்னா இன்னொன்னு வாங்க எங்க வீட்டுல வழி கிடையாது. ஹாஸ்டல்ல ஒரு சீனியருக்கு அப்படித்தான் ஆச்சு. கேபினட்டோட இலவசமா வந்த சப்ளை ஒரு நாள் 'டப்'புனு சத்தம் போட்டு உயிரை விட்டுச்சு. தனியா போகாம மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. ஹார்ட் டிஸ்க்ல அவரோட கடைசி வருஷ ப்ராஜக்ட்.

சரி, மேட்டருக்கு வருவோம். எத்தனை வாட் வேணும்? நான் போட்டது ரைசன் 5 5600, கூட ஆர்டிஎக்ஸ் 3060. ப்ராசசருக்கு 65 வாட்னு அட்டையில போட்டிருக்கும், உண்மையில 76 வரைக்கும் இழுக்கும். கார்டுக்கு 170. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து தாராளமா 50. மொத்தம் 300 வாட் சுத்தி. என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்றது 550 வாட் சப்ளை. ஏன் இவ்வளவு இடைவெளின்னா, கார்டு ஒரே சீரா இழுக்காது. கண் இமைக்கிறதுக்குள்ள எகிறி இறங்கும். அதுக்கும், சப்ளை மூச்சு வாங்காம ஓடறதுக்கும் இடம் விட்டுத்தான் அந்தக் கணக்கு. மத்தபடி '850 வாட் வாங்கு தம்பி, பின்னாடி உதவும்'னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. அந்தக் காசுல எஸ்எஸ்டியைப் பெரிசாக்கலாம்.

ஆனா வாட் கணக்கு போட்டு முடிச்சா வேலை முடியலை. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில நடந்ததைக் கேளுங்க.

"இது எடுத்துக்க தம்பி, 500 வாட். தொள்ளாயிரம் ரூபாய்."

"அண்ணே, டப்பாவைத் திருப்புங்க. 12 வோல்ட்ல எத்தனை ஆம்ப்?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு திருப்பினார். 16 ஆம்ப். 12-ஐ 16-ஆல பெருக்குங்க, 192 வாட். கேமிங் மெஷின்ல ப்ராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட் லைன்லதான் வாழுது. மிச்சத்தை 3.3 வோல்ட்லயும் 5 வோல்ட்லயும் கூட்டிப் போட்டு 500-னு எழுதினா யாருக்கு லாபம்? பழைய காலத்து மெஷின்கள் 5 வோல்ட்டை நிறைய தின்னும். 2000-ல பென்டியம் 4 வந்த சமயத்துல இருந்துதான் பாரம் 12 வோல்ட் பக்கம் சாய ஆரம்பிச்சது. அந்த டப்பா இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கு. ஒழுங்கான 550 வாட் சப்ளைன்னா 12 வோல்ட்லயே 40 ஆம்புக்கு மேல போட்டிருக்கும்.

"எல்லாரும் இதைத்தான் தம்பி வாங்கறாங்க"ன்னார். வாங்கட்டும். நான் அடுத்த கடைக்கு நடந்தேன்.

அடுத்து இந்த 80 பிளஸ் ஸ்டிக்கர். 2004-ல வந்த முத்திரை இது. பிரான்ஸ், சில்வர், கோல்டுன்னு ஒலிம்பிக்ஸ் மாதிரி பிரிச்சது 2008-ல. இதுல ரெண்டு குழப்பம். ஒண்ணு, '80 பிளஸ்னா 500 வாட்ல 400-தான் வரும்'ங்கிறது. தப்பு. 500 வாட்னா உள்ள 500-ஐயும் தரணும். சுவத்துல இருந்து இழுக்கிறதுதான் 600 பக்கம் போகும், வித்தியாசம் சூடாப் போயிடும். ரெண்டாவது, 'கோல்டுன்னா தரம்'ங்கிறது. அந்த முத்திரை பாக்கறது எவ்வளவு கரண்ட் வீணாகுதுங்கிறதை. வோல்டேஜ் சீரா இருக்கா, ஷார்ட் ஆனா நிறுத்துமா, இதெல்லாம் அதுல வராது.

நம்பலேன்னா 2021 கதையைப் பாருங்க. ஜிகாபைட்டோட பி750ஜிஎம்னு ஒரு மாடல். கோல்டு முத்திரை, பெரிய கம்பெனி பேரு எல்லாம் உண்டு. கார்டு கிடைக்காத அந்த நேரத்துல அமெரிக்காவுல நியூஎக் கடை இதைக் கார்டோட சேர்த்துக் கட்டி வித்துச்சு. கேமர்ஸ் நெக்ஸஸ் குழு வாங்கிச் சோதிச்சப்போ ஒண்ணுக்கு மேல வெடிச்சுது. அந்த ஆகஸ்ட்ல ஜிகாபைட், அளவு மீறினா நிறுத்தற எல்லையைக் குறைச்சிருக்கோம், குறிப்பிட்ட சீரியல் நம்பர்களை மாத்தித் தர்றோம்னு அறிவிச்சுது. அதனால கம்பெனி பேரை மட்டும் பாக்காம, அந்த ஒரு மாடலை யாராவது பிரிச்சுப் போட்டு சோதிச்சிருக்காங்களான்னு தேடினேன். அப்புறம் வாரண்டி. அஞ்சு வருஷம் தர்றவன் தன் கெப்பாசிட்டரை ஓரளவு நம்பறான்னு அர்த்தம்.

கோல்டா பிரான்ஸான்னு வீட்டுல ஒரு பஞ்சாயத்து. கோல்டு ரெண்டாயிரம் ரூபாய் அதிகம். 300 வாட் வேலைக்கு பிரான்ஸ் சுமார் 353 இழுக்கும், கோல்டு 333. வித்தியாசம் 20 வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினா (அம்மா படிக்காம இருக்கணும்!) வருஷத்துக்கு 29 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வெச்சாலும் 175 ரூபாய்தான் மிச்சம். போட்ட காசு திரும்ப 11 வருஷத்துக்கு மேல ஆகும். பிரான்ஸே எடுத்தேன், நாலாயிரத்துச் சொச்சம். "இந்த டப்பாவுக்கா நாலாயிரம்?"னு அம்மா கேட்டாங்க. இது கார்டுக்குப் போடற இன்ஷூரன்ஸ்மான்னு சொன்னேன். எல்.ஐ.சி பாலிசி ரெண்டு வெச்சிருக்கிறவங்க, டக்குனு புரிஞ்சுக்கிட்டாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், கேபிளைக் கழட்டி மாட்டற மாடுலர் டைப் வாங்கினா, பழைய சப்ளையோட கேபிளை எடுத்து இதுல சொருகிடாதீங்க. மதர்போர்டு பக்கம் இருக்கிற முனைதான் எல்லாருக்கும் ஒண்ணு. சப்ளை பக்கம் ஆளாளுக்கு ஒரு வயரிங். பொருந்தும், ஆனா 5 வோல்ட் போற இடத்துல 12 போகும்.

நம்ம ஊரு சமாச்சாரம் ரெண்டு பாக்கி. முதல்ல யூ.பி.எஸ். வீட்டுல இருந்தது 600 விஏ. அது தர்றது 360 வாட்தான். மேல போட்ட கணக்குல 353, மானிட்டர் ஒரு 25. கரண்ட் போன நிமிஷமே யூ.பி.எஸ் அலறிட்டுப் படுத்துடும். அதோட, ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிற புது சப்ளைகள்ல சிலதுக்கு மலிவு யூ.பி.எஸ் பேட்டரில தர்ற படிக்கட்டு மாதிரி கரண்ட் ஒத்துக்காது. அதனால 1100 விஏ ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சு, கடையிலயே என் மெஷினை மாட்டி, மெயினைப் பிடுங்கிப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன். லோ வோல்டேஜுக்குத் தனியா ஸ்டெபிலைசர் வாங்கலை. 100-ல இருந்து 240 வரைக்கும் வாங்கிக்கும்னு சப்ளை மேலயே போட்டிருக்கு.

அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டா சுருக்குனு ஒரு கடி கடிக்கும் பாருங்க, அதை 'ஸ்டேட்டிக்'னு சொல்லி ஏமாந்துக்கிட்டிருக்கோம். சப்ளைக்குள்ள, இரைச்சலை வடிகட்ட, ரெண்டு லைன்ல இருந்தும் உடம்புக்கு ஒவ்வொரு குட்டிக் கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. அந்தக் கசிவு எர்த் வழியா போகணும். எர்த் இல்லேன்னா மொத்தக் கேபினட்டும் கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும். ஆம்ப் ரொம்பக் கொஞ்சம்ங்கிறதால வெறும் கடியோட போகுது. நிஜமாவே உள்ள ஷார்ட் ஆனா காப்பாத்த ஆள் இல்லை. எங்க வீட்டு சாக்கெட்ல மூணாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் இருந்துச்சு, பின்னாடி வயரே இல்லை!

எலக்ட்ரீஷியன் வந்து, கொல்லையில குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிட்டுப் போனார். அப்புறம்தான் மெஷினை முதல் தடவை ஆன் பண்ணினேன். கோடையில மண்ணு காஞ்சா எர்த் பிடிக்காது, வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும்னு சொல்லியிருக்கார். அம்மா அந்தக் குடத்தை என் ரூம் வாசல்லயே வெச்சுட்டாங்க.