இரண்டு மணிக்கு நான் அளக்கவில்லை

வேலை அனுமதிச் சீட்டில் பிற்பகல் இரண்டு மணிக் கட்டத்தில் ஆக்சிஜன் 20.7 சதவீதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு 3 பி.பி.எம். என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. எண்கள் பொய். காலையில் மீட்டர் காட்டியது 20.8, 2. அதையே திரும்ப எழுதினால் சந்தேகம் வரும் என்று சற்று மாற்றி, காலையிலேயே நிரப்பி வைத்துவிட்டேன்.

நான் பாதுகாப்பு அலுவலர். ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் அடிச்சேற்றை அள்ள ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துப் பேர் இறந்ததிலிருந்து, எந்தத் தொட்டிக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். அன்றும் விரிசல் தேடினேன். இந்தத் தொட்டிக்குள் என்னென்ன குழாய்கள் வந்து விழுகின்றன என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தக் கழிவு காரத்தன்மை உள்ளது. காரம் இருக்கும்வரை சல்ஃபைடு பெரும்பாலும் நீரிலேயே கரைந்து கிடக்கும். பிந்தைய கட்டங்களான பிக்கிளிங்கிலும் குரோம் பதனிடுதலிலும் வருவது அமிலக் கழிவு. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியிலேயே தேங்கும். சேற்றைக் கிளறினால் அதற்குள் அடைபட்ட வாயுவும் சேர்ந்து வெளியேறும். காலை அளவு காலைக்கு மட்டும்தான். ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, நச்சு வாயு என்ற வரிசையில், மேலே, நடுவே, அடியில், ஆள் உள்ளே இருக்கும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். இதை வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மேஸ்திரி போன் செய்தார். "காலைல இருந்த நாத்தம் இப்ப இல்ல சார், வேலைய முடிச்சிரலாம்." நல்லது என்றேன். 100 பி.பி.எம். அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் மறைவதே ஆபத்தின் அடையாளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் ஒரு தணிக்கைக் கோப்பு முடிய வேண்டியிருந்தது; மீட்டர் அந்தக் கோப்பின் பக்கத்தில் கிடந்தது. மீட்டரைத் தொட்டிக்குள் இறங்கியவர் சட்டையில் மாட்டி அனுப்பியிருந்தால் 10 பி.பி.எம். ஆனதுமே அலறியிருக்கும்.

பக்கத்துப் பிரிவில் அமிலக் கழிவைத் திறந்துவிட்டார்கள். தொட்டிக்குள் இருந்தவர் சுருண்டு விழுந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் மேலே இழுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் தலைவலி போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் பெயர் அவருக்கு மறந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை.

விசாரணையில் என் எண்களைக் கேட்டார்கள். காற்று சரியாக இருந்திருக்கிறது, முகக்கவசத்தைக் கழற்றியது தொழிலாளியின் தவறு என்று முடித்தார்கள். நான் கொடுத்திருந்தது வடிகட்டி வைத்த சாதாரணக் கவசம். மூச்சுக்காற்றைச் சிலிண்டரிலிருந்தோ குழாய் வழியாகவோ தரும் கவசம் இல்லாமல் அங்கே யாரும் நிற்க முடியாது. நான் கொடுத்த கவசத்தைக் கழற்றாவிட்டாலும் அவர் விழுந்திருப்பார். அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தொழிலாளியைப் பார்க்கப் போனபோது, "என்னால உங்களுக்கும் கெட்ட பேரு சார்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதும் நான் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான். பொய் எண்கள்கூட அதற்கு அடுத்தபடிதான்.

இப்போது அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியும் கேட்க, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை வெளியே போகச் சொன்னார். நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இழப்பீட்டுக்காக அவர் எங்கே மனுப் போட்டாலும் வந்து சாட்சி சொல்வேன்.