புல்லுக்குப் பெயர் இருந்த ஊர்

புரட்டாசி பிறந்துவிட்டால் எனக்குப் புல் ஞாபகம் வந்துவிடுகிறது. கமுதிப் பக்கத்துக் கரிசலில் பிறந்து பிழைப்புக்காக எங்கோ போய் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியும். வெடித்துக் கிடந்த புஞ்சையில் முதல் மழை விழுந்ததும் விதைத்தது முளைக்கும், விதைக்காததும் முளைக்கும். விதைக்காமல் வந்ததற்கும் எங்கள் ஊரில் பெயர் இருந்தது. அறுகு, கோரை, காக்காய்க்கால் புல், குதிரைவாலிப் புல்.

நான் இருக்கும் அபுதாபியில் குதிரைவாலிக்குக் குறைவில்லை. கல் இல்லாமல், உமி இல்லாமல், அழகான பையில் அரைக்கிலோவாகக் கிடைக்கிறது. நார்ச்சத்து நிறைய, சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், வாரத்தில் சில நாள் சாப்பிடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சாப்பிடுகிறேன். உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் வேறு எதையோ தேடுகிறேன்.

முதலில் அப்பத்தாவின் விரல்கள். கண்மாய்க்குக் கீழே இருந்த கொஞ்சம் நெல்வயலில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரே பச்சை, ஒரே உயரம். கதிர் வரும்வரை வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரியாது. அப்பத்தா குனிந்து, இலை தண்டைத் தொடும் கணுவில் நகத்தை வைத்துக் காட்டும். "இங்கன தொட்டுப் பாரு ஆத்தா. மொட்டையா இருந்தா புல்லு. சவ்வும் மசுரும் இருந்தா நெல்லு." அவ்வளவுதான் பாடம். தாவரவியல் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். புத்தகம் சொன்னபோது விரல் நுனியில் எதுவும் படவில்லை.

பிடுங்கிய புல்லை அப்பத்தா தூர எறிந்ததில்லை. இளசு மாட்டுக்கு. வரப்போரம் தப்பி முற்றிய கதிரை முறத்தில் உதிர்த்துக்கொள்ளும், கோழிக்கு. மழை பொய்த்த வருசத்தில் அதுவே கஞ்சிக்கும். நாம் விதைக்கிற குதிரைவாலிப் பயிரே இந்தக் காட்டுப் புல்லின் வழியில் வந்ததுதான். குறைந்த தண்ணீரில், கொளுத்தும் வெயிலில், நெல்லை முந்திக்கொண்டு வளரும் சாமர்த்தியம் இரண்டுக்கும் ஒன்று. களையாக நின்று விவசாயியை விரட்டும் அதே குணம், பயிராக நின்றால் மானாவாரிக்காரனைக் காப்பாற்றும்.

அப்புறம், களையெடுப்பின் சத்தம். வரிசையாகக் குனிந்த பெண்கள், ஊர்வம்பு, சிரிப்பு, யார் வீட்டு மாப்பிள்ளை எப்படி என்ற தீர்ப்பு, நடுவில் ஒரு பாட்டு. இப்போது முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒருவர் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போகிறார். கூலி மிச்சம், நேரம் மிச்சம். யாரையும் குறை சொல்ல முடியாது. வயலில் பேச்சு இல்லை.

அப்புறம், உலக்கை. குதிரைவாலியின் உமி லேசில் விடாது. வெயிலில் காயவைத்து, திருகையில் உடைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி… விடியுமுன்னே தெருவில் இரண்டு மூன்று வீட்டு உலக்கைகள் மாறி மாறி விழும். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தாலாட்டு. குத்திய அம்மாவிடம் கேட்டால், அந்தச் சனியன் ஒழிந்ததே நல்லது என்பாள். அவள் சொல்வதும் நியாயம். உள்ளங்கைக் காய்ப்பு அவளுடையது, ஏக்கம் மட்டும்தான் என்னுடையது.

அந்தச் சோற்றை வெளியே சொல்லவும் அன்று கூச்சப்பட்டோம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மற்ற நாளில் என்ன சாப்பிட்டாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் பேச்சை மாற்றுவோம். 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அப்பத்தா இல்லை. இருந்திருந்தால் சிரித்திருக்கும்.

மருந்தும் வரப்பில்தான் இருந்தது. உடம்பெல்லாம் தடித்து அரித்தால் அறுகும் மிளகும் தட்டிப்போட்ட கஷாயம். மந்தத்துக்குக் கோரைக்கிழங்கு, குளிக்கும் பொடியிலும் அதே கிழங்கு. உலர்ந்த கோரைக்கிழங்கை இடிக்கும்போது எழும் அந்த மண்ணும் கற்பூரமும் கலந்த வாசனை… எந்த சோப்பிலும் அது வரவில்லை. அறுகு இங்கேயும் உண்டு. கலப்பின அறுகுதான் எங்கள் குடியிருப்பின் புல்வெளி. குழாய்நீர் குடித்து, இயந்திரத்தில் மழிக்கப்பட்டு, பூச்சிமருந்து தெளிக்கப்பட்டு நிற்கிறது. கிள்ளி வாயில் வைக்க முடியாது. அறுகம்புல் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். எந்த வரப்பில் பறித்தார்களோ.

எல்லாவற்றையும்விட, அப்பத்தாவின் அந்தக் குரல். அறுவடையில் மழை பிடித்துவிட்டால் வரகைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, "இது வேணாம், கிறுகிறுப்பு வரும்" என்று ஒதுக்கிவிடும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகுப் பயிரைத் தின்ற 10 யானைகள் செத்துப்போயின. அவற்றின் உடலில் சைக்ளோபியசோனிக் அமிலம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரியவந்தது. ஈரப்பதத்தில் தானியத்தைப் பிடிக்கும் பூஞ்சையின் நஞ்சு அது. செய்தியைப் படித்த அன்று அப்பத்தாவின் மூக்கு நினைவுக்கு வந்தது. காட்டுத் தானியம் நல்லது என்று பையில் அச்சடிக்கலாம். எப்போது நல்லதில்லை என்பதை முகர்ந்து சொல்ல ஆள் வேண்டும்.

இந்த அறிவுக்கு வயது அதிகம். பெரும்பாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டில் எயினர் எனும் வேடர் வீட்டுப் பெண்கள் இரும்பு முனைக் கோலால் கரம்பைக் கிண்டிப் புல்லரிசி எடுக்கிறார்கள். விளாமர நிழலில் நிலவுரலில் குத்தி, உவர்நீரைத் தோண்டி எடுத்து வந்து, வாய் உடைந்த பானையில் சமைத்து, வழிப்போக்கருக்கும் தருகிறார்கள். சங்க காலத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்த ஒன்று, எங்கள் வீட்டில் அப்பத்தாவோடு நின்றுபோனது. நான் பள்ளிக்கூடம் போனேன், பட்டம் வாங்கினேன், விமானம் ஏறினேன். எதுவும் தப்பில்லை. நடுவில் அந்தக் கை விட்டுப்போனது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது விட்டுப்போயிருக்கும். ஊரில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இன்னும் நடமாட்டமாக இருந்தால், வருகிற ஐப்பசியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் போங்கள். கூடவே வரப்பில் நடங்கள். ஒவ்வொரு புல்லாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். எது மாட்டுக்கு, எது மனுசனுக்கு, எதை எந்த மழைக்குப் பிறகு தொடக்கூடாது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்க ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கிறார்கள்.