முளையின் சுவை

நாவில் பட்ட சுவை, அதற்குரிய சொல் கிடைக்கும்போதுதான் அறிவாக நிலைபெறுகின்றது. அறுவகைச் சுவைகளுக்கும் பெயரிட்ட மொழி தமிழ். ஆயினும், அயல்நாட்டுப் பண்டம் ஒன்று எதிர்ப்பட்டால், அதனைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையென்று கற்றவர்களே கைவிரித்துவிடுவதுண்டு. அம்முடிவு எத்துணை அவசரமானது என்பதற்கு ஜெர்மானியரின் இலையுதிர்காலப் பீர் ஒன்று நல்ல சான்றாகும்.

அதன் பெயர் மெர்ட்சன். மார்ச் மாதத்திற்குரியது என்பது அதன் பொருள். பவேரியாவில் 1553ஆம் ஆண்டு பிறந்த ஆணை ஒன்று, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதைத் தடுத்தது. கோடை வெப்பத்தில் காய்ச்சிய பீர் எளிதில் கெட்டுவிடும். ஆகவே, மார்ச் மாதத்திலேயே சற்றுக் கடுமையாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறைகளில் சேமித்து வைத்தனர். எஞ்சியதை இலையுதிர்காலத்தில் குடித்துத் தீர்த்தனர். லாகர் என்னும் சொல்லும் சேமித்து வைத்தல் என்ற பொருளுடைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து பிறந்ததே. 1810இல் மியூனிக் நகரில் அரச குடும்பத் திருமணத்தை ஒட்டித் தொடங்கிய அக்டோபர் விழாவுக்கு, இந்தச் செம்பொன்னிறப் பீர் பிற்காலத்தில் உரியதாயிற்று. இன்று அவ்விழாவில் பெரிதும் வழங்குவது வெளிர்நிறப் பீரே. எனினும் பழைய வகையும் மறையவில்லை.

சிங்கப்பூருக்கு ஜெர்மானியரின் பீர்க்கலை புதிதன்று. 1930களிலேயே அலெக்சாந்திரா சாலையில் அவர்தம் முதலீட்டில் ஆர்க்கிப்பெலகோ என்னும் ஆலை இயங்கியது. இந்நாளில் சிறிய அளவில் பீர் காய்ச்சும் கைவினை ஆலைகள் பல உள்ளன. இலை உதிரும் பருவமே இல்லாத இத்தீவில், செப்டம்பர் பிறந்ததும் அவற்றுள் சில மெர்ட்சனைக் குழாயில் ஏற்றுகின்றன.

அத்தகைய ஆலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர், தேக்கா வட்டாரத்தில் வாழும் தம் பழைய தமிழாசிரியரை அங்கு அழைத்துச் சென்றார். உணவுத் தொழில்நுட்பம் பயின்ற அவ்விளைஞர், வருவோர்க்கெல்லாம் தம் தொழிலை ஆங்கிலத்தில் தடையின்றி விளக்குபவர். தம் தாயிடம் அதனைத் தமிழில் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. “என் மகன் சாராயம் காய்ச்சுகிறான்” என்று அத்தாய் உறவினரிடம் சொல்லிக் கலங்குவது அவர் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

சிறிய கண்ணாடிக் குவளையில் வந்த மெர்ட்சனை ஆசிரியர் முதலில் முகர்ந்தார். பின்னர் ஒரு வாய் அருந்தினார். நன்கு வெந்த ரொட்டியின் மேலோட்டுச் சுவை முன்னே நின்றது. அதனைத் தொடர்ந்து மெல்லிய இனிப்பு பரவியது. இறுதியில் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கைப்பு வந்து அவ்வினிப்பை அளவோடு நிறுத்தியது.

“தம்பி, முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும்போது எழும் மணம் அல்லவா இது?” என்றார்.

“ஆமாம் ஐயா. பார்லியை நனைத்து முளைவிட வைத்துச் சூட்டில் உலர்த்துவார்கள். அதுதான் மால்ட். அதற்குத் தமிழில் சொல் இல்லையே!”

“முளை என்று சொன்னால் போதுமே. நீ குழந்தையாய் இருந்தபோது உன் தாய் ஊட்டிய கேழ்வரகுக் கஞ்சியும் முளையால் ஆனதுதான். அங்கிருந்து தொடங்கி அவரிடம் சொல்.”

அவ்வாசிரியர் இச்சொல்லைப் புதிதாகப் படைத்துவிடவில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைப் பாடுமிடத்தில், கள் சமைக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகக் கூறுகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, அதனோடு அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் முதிரவைத்துப் பிழிவர் என்பது அவர் தரும் செய்தி. அவ்வடையை இடித்த முளை என்று நச்சினார்க்கினியர் விளக்குகின்றார். முளைவிடும் தானியத்தில் நொதிகள் எழுந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன; அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக மாற்றுகின்றது. வேதியியல் பிறவாத காலத்தில் வலைஞர் கையாண்டதும் மெர்ட்சன் காய்ச்சுவோர் கையாள்வதும் ஒரே நெறிதான். அங்கு நிலவறைக் குளிரில் பல திங்கள்; இங்குக் குளக்கரை வெப்பத்தில் இரண்டே நாள்கள். வேறுபாடு காலநிலையால் வந்தது.

இப்பகுதியை மாணவர்க்கு விளக்குவதில் தயக்கம் எழுவது இயல்பே. திருவள்ளுவர் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென்றே ஒதுக்கினார். இதே தேக்கா வட்டாரத்தில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் கலவரம் மூண்டது. 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வட்டாரத்திற்குத் தனிக்கட்டுப்பாடு விதித்தது. குடியால் சிதைந்த குடும்பங்களையும் ஆசிரியர்கள் அறிவர். குறளின் எச்சரிக்கையை ஒரு சொல்லும் குறைக்காமல் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால், அதற்காகப் பெரும்பாணாற்றுப்படையின் அவ்வடிகளைத் தாவிச் சென்றால், ஒரு தொழிலின் சொற்களும் அவற்றோடு மறைந்துபோகும். அறிதல் வேறு, அடிமையாதல் வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்த மாணவன் குறளையும் ஆழமாக உணர்வான்.

அதற்கு மதுக்குவளை தேவையில்லை. ஒரு பிடி கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளைத்தபின் உலர்த்தி, வறுத்து வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். மாணவர் அதனை மென்று இனிப்பை உணரட்டும். அதன்பின் அவ்வடிகளைப் படித்தால், உரையாசிரியர் கூறிய முளை அவர்களுக்கு வெறும் அகராதிச் சொல்லாக இராது.