சவ்வாது மலைக் கல்

சென்ற கார்த்திகையில் ஆம்பூரில் நிகழ்ந்த சைவ அன்பர் கூட்டமொன்றில் அடியேன் சிவஞானபோத முதற் சூத்திரத்தைப்பற்றிப் பேசினேன். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதென்று காட்டவேண்டி, அரியலூரிலிருந்து நண்பரொருவர் கொணர்ந்த சுருட்சங்குக் கல்லைக் கையிலெடுத்து, "அதோ தெரியும் சவ்வாது மலையிலும் இத்தகையன உள, அதுவும் ஒருகாலத்துக் கடலடியே" என்று துணிந்து கூறிவிட்டேன். கூட்டம் கலைந்தபின், தோல் பதனிடும் சாலையிற் பணிபுரியும் இளைஞரொருவர் அணுகி, "ஐயா, அம்மலையடியிற் பிறந்தவன் நான். எத்தனையோ கல் உடைத்தும் சங்கொன்றும் கண்டதில்லையே. அங்ஙனமாயின் சூத்திரத்திற்குச் சான்று யாது?" என்று பணிவோடு வினவினார். விடையிறுக்க மாட்டாது நின்றேன்.

நூல்களை ஆராய்ந்தபோது பிழை என்னுடையதே எனத் தெளிந்தது. அரியலூர்ச் சங்குப் பாறை, கடலடியிற் சேறும் சுண்ணமும் படிந்து இறுகியது. வயது சுமார் 7 கோடி ஆண்டு. சம்பந்தப் பிள்ளையார் பாடிய திருவக்கரையிற் கல்லாய்க் கிடக்கும் மரங்கள் ஏறக்குறைய 2 கோடி ஆண்டின. சவ்வாது மலையோ 250 கோடி ஆண்டின் பழமையுடைய வரிப்பாறையும் சார்னோக்கைட்டு என்னும் கருங்கல்லுமாம். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்பார் இட்ட பெயர் இது; கல்லறையால் மலைக்கல்லுக்குப் பெயர் வந்தது விந்தையே.) அப்பாறை தோன்றிய நாளில் நுண்ணுயிரன்றி ஓடும் எலும்பும் உடைய உயிர் உலகில் இல்லை, இருந்திருப்பினும் 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உடம்பின் சுவடு எங்ஙனம் எஞ்சும்? முன்னாளில் ஆவாரம்பட்டையாலும் பின்னாளிற் குரோமிய உப்பாலும் தோலை அழியாது காத்துவரும் ஊரின் அருகே, ஓருடம்பின் சுவடும் காவாத மலை!

என் எடுத்துக்காட்டு பிழைத்தது, சூத்திரம் பிழைக்கவில்லை. உலகின் உறுப்புக்கள் மாறினும் உலகம் நித்தியம் என்பது மீமாஞ்சகர் கொள்கை. மலையைக் காண்பார்க்கு அதுவே மெய்யெனத் தோன்றும். ஆனால் இக்கல் பக்குவப்பட்டது நிலத்தின்கீழ் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தில் என்பர். அது இன்று சிகரமாய் நிற்கிறதென்றால், மேலிருந்த அத்தனை பாறையும் தேய்ந்தொழிந்தது என்பதன்றோ பொருள்? பாலாற்று மணலை அள்ளுவார் அத்தேய்வின் ஒரு பிடியையே அள்ளுகின்றார். மலை தேய்தல் சருவசங்காரத்தை நிறுவிவிடாது என்பதையும் மறைக்கலாகாது. அதற்கு அநுமானமும் ஆகமமும் வேண்டும். கல் துணையேயன்றி முடிவன்று.

தை மாதக் கூட்டத்தில் முன் கூறியதை மறுத்துரைத்தேன். சங்குக் கல்லை நண்பரிடமே சேர்ப்பித்தேன். அவ்விளைஞர் கொடுத்த கருங்கற்றுண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது.