பாட்டி சாயல்

என் முகவாய் இடப்பக்கம் சாய்ந்திருப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது. “எங்கம்மா சாயல்” என்பார் அப்பா. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எனக்கு நினைவிருப்பது அவருடைய ஒரு பக்கக் கன்னம் மட்டும்தான். எப்போதும் கொஞ்சம் உப்பியிருக்கும். நான் ஆறு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். அதனால் பள்ளியில் ‘கோண வாய்’ என்று கூப்பிட்டபோதுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பாட்டி கொடுத்துவிட்டுப் போனது என்று வைத்துக்கொண்டேன்.

2007-இல் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். வீட்டில் இன்றும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாங்கள் பழகியதை லேசில் விடுகிற ஆட்கள் இல்லை.

இருபத்தாறு வயதில், மெல்லும்போது வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனேன். பார்த்தவர் கம்பி போடுவதற்கு முன் தாடையைப் பார்க்க வேண்டும் என்று கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே முதலில் படம் பிடித்தார்கள். முடியை ஒதுக்கி, சிரிக்காமல் ஒன்று, சிரித்து ஒன்று. பிறகு ஐஸ்கிரீம் குச்சி போன்ற ஒரு மரப்பட்டையைப் பல்லுக்குக் குறுக்கே கடிக்கச் சொன்னார்கள். திரையில் பார்த்தேன். கண்கள் ஒரே மட்டத்தில் இருந்தன. குச்சி இடப்பக்கம் மேலேறி நின்றது. கீழ்த்தாடையை நம்பி மேல்தாடையும் கூடவே சாய்ந்திருந்தது. வாயைப் பெரிதாகத் திறந்தால் தாடை இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது.

அடுத்து எக்ஸ்ரே. பல் சீரமைப்பில் பக்கவாட்டுத் தலைப் படம் பழையது. 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்று இரண்டு பேர் தனித்தனியாக அதற்கு முறை கண்டார்கள். தாடை முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்று அது நன்றாகச் சொல்லும். கோணலுக்கு மட்டும் அதிகம் உதவாது. இடமும் வலமும் ஒன்றின்மேல் ஒன்று நிழலாக விழுந்துவிடும். அதனால் நேர்முகப் படம் ஒன்று எடுத்தார்கள். அதுவும் போதாமல், தலையைச் சுற்றி வந்து முப்பரிமாணமாக எடுக்கும் சிடி.

டாக்டர் என் மண்டையோட்டைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். நெற்றி நடுவிலிருந்து ஒரு கோடு இறக்கினார். என் முகவாய் அதற்கு 7 மில்லிமீட்டர் இடப்பக்கம்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முகம் யாருக்குமே கிடையாது. மூணு, நாலு மில்லிமீட்டர்னா பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. இது தெரியுது” என்றார். “ஆனா எவ்வளவு கோணல்ங்கிறதவிட எதனாலங்கிறதுதான் கேள்வி. வலப்பக்கம் அளவுக்கு மீறி வளந்தாலும் தாவாக்கட்டை இடப்பக்கம் போவும். இடப்பக்கம் வளராம நின்னுட்டாலும் அதே பக்கம்தான் போவும்.”

கண்ணாடியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வைத்தியம் வேறு. வலப்பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், இன்று வெட்டிச் சரிசெய்தாலும் நாளை மறுபடி சாய்ந்துவிடும்.

காதுக்கு முன்னால் தாடை மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. என் வலக்குமிழ் உருண்டையாக, சரியான அளவில் இருந்தது. இடக்குமிழ் தட்டையாக, குட்டையாக இருந்தது.

“சின்ன வயசுல தாவாக்கட்டையில அடிபட்டுச்சா?”

என் கை தானாக முகவாய்க்குக் கீழே போனது. அங்கே ஒரு தழும்பு. ஏழு வயதில், மழை நாளில், பள்ளிக்கூடம் விட்டு அப்பாவோடு மோட்டாரில் வந்தேன். செம்பனைக் காட்டுக்குள் செம்மண் ரோடு. சறுக்கி விழுந்தோம். ஒரு கிளினிக்கில் நாலு தையல் போட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் சோறு சாப்பிட்டேன், எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

முகவாயில் படும் அடி தாடை வழியாக ஏறி அந்தக் குமிழை உடைக்கலாமாம். பிள்ளைகளுக்கு வலி சீக்கிரம் போய்விடும். அந்தப் பக்கம் வளர்வதுதான் பின்தங்கிப் போகும். “அப்படித்தான் இருக்கும்னு தோணுது. ஆனா எப்ப நடந்துச்சுன்னு இந்தப் படம் சொல்லாது. பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க” என்றார்.

அன்று இரவு வீட்டில், “டாக்டர் பழைய போட்டோ கேக்குறாங்க” என்று மட்டும்தான் சொன்னேன். அம்மா ஆல்பத்தை எடுத்தார். மூன்றாம் ஆண்டு வகுப்புப் படம், பன்னிரண்டு வயது ஐசி. வரிசையாக வைத்துப் பார்த்தால் முகவாய் வருடா வருடம் நகர்வது தெரிந்தது.

அப்பா எழுந்து உள்ளே போனார். பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். இரட்டைப் பின்னல், நேரான முகம்.

“இது விழறதுக்கு முந்தி” என்றார்.

விழுந்ததைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

அந்த டின்னில் பாட்டியின் சிவப்பு ஐசியும் இருந்தது. நெற்றியிலிருந்து ஒரு ரூலரை வைத்துப் பார்த்தேன். பாட்டியின் முகம் நேராக இருந்தது.

“வெத்தல போட்டா ஒரு பக்கமா அடக்கிக்குவாங்க. அதான் அப்படித் தெரியும்” என்றார் அம்மா.

இப்போது கம்பி போட்டு ஆறு மாதம். கோணலுக்கு ஏற்றபடி பற்கள் தாங்களாகவே சாய்ந்து இத்தனை வருடம் சமாளித்திருக்கின்றன. அவற்றை நிமிர்த்தினால்தான் அறுவையில் எலும்பைச் சரியான இடத்தில் வைக்க முடியும். அதனால் சரியாவதற்கு முன் முகம் இன்னும் கோணலாகத் தெரிகிறது. அம்மா தினமும் கவலைப்படுகிறார். அறுவை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாட்டி கொடுத்த முகமாக இருந்திருந்தால் ஒருவேளை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா இப்போதெல்லாம் சாயல் பற்றிப் பேசுவதில்லை. போன வாரம் கோலாலம்பூருக்குக் கூடவே வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஈஜோக் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்.

“மெதுவாத்தாம்மா ஓட்டுனேன்.”

“தெரியும்ப்பா” என்றேன்.